தூசி மைனஸில் இருக்குமா?

கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் லோரி போகாத தெரு குறைவு. லோரி போகிற தெருவில் தூசி படியாத வீடு அதைவிடக் குறைவு. அப்படிப்பட்ட ஒரு தெருவில் குடியிருந்துகொண்டு, தினமும் காலையில் கிள்ளானில் ரயிலேறி, ஒளியே பல கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்து சேரும் தொலைவில் கிடக்கும் தூசியை அளக்கப் போகிறவள் டொரத்தி. இதை நினைத்துச் சிரிக்காத நாளே கிடையாது அவள் கணவன் ஸ்டானிஸ்லாசுக்கு.

"டோலி, இந்த ஃபேனைப் பாரு. ரெக்கை வெள்ளையா கறுப்பான்னே தெரியல. வானத்துல உள்ள தூசி தெரியுது, தலைக்கு மேல உள்ளது தெரியலயா லா உனக்கு?"

"ஃபேனுக்கு ஏணி போட்டா நீங்களே எட்டலாம் ஸ்டானி. கேலக்சிக்கு உங்களால ஏணி போட முடியுமா?"

துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன் அவன். ஏணி என்றால் அவனுக்குப் பொழுதுபோக்கு. ஆனாலும் அந்த ஃபேன் அப்படியேதான் சுற்றிக்கொண்டிருந்தது.

டொரத்திக்கு நாற்பத்தேழு வயது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்சில் பிறந்து, பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவம் வரை படித்தவள். பௌதிகத்தில் நல்ல மார்க். ஆனால் வீட்டு நிலைமை பத்தொன்பது வயதிலேயே அவளைச் சுங்கை வேயில் இருந்த ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு அனுப்பியது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு, கண்கள் மட்டும் தெரிய, தூசியே இருக்கக்கூடாத ஓர் அறைக்குள் நின்று, எவ்வளவு தூசி இருக்கிறது என்று எண்ணுவது அவள் வேலை. பதினாலு வருடம் எண்ணினாள். பிறகு தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனது. டொரத்தி வீட்டுக்குப் போனாள்.

ஒரு வருடம் கழித்து, தலைநகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளர் தேவை என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. நேர்முகத்தில் பேராசிரியர் சிவநேசன் கேட்டார்:

"இதுக்கு முன்ன என்ன வேலை செஞ்சீங்க?"

"தூசி எண்ணினேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சிரித்தார். வாய்விட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். பாவம், டொரத்திக்கு முகம் சுண்டிவிட்டது. எழுந்து போய்விடலாமா என்று பையைத் தேடினாள். அப்போதுதான் அவர் சொன்னார்: "நானும் அதே வேலைதாம்மா. திங்கக்கிழமை வந்துடுங்க."

அன்று தொடங்கியது. பதிமூன்று வருடமாக நடக்கிறது.

அந்த வேலை இப்படி. விண்மீன்களுக்கு நடுவில் இருப்பது வெறும் வெளி அல்ல. சிகரெட் புகையைப் போலப் பொடியான தூசி அங்கே மிதக்கிறது. நாளைக்கு ஒரு புது விண்மீனோ, ஒரு புது பூமியோ உருவாக வேண்டுமானால் இந்தத் தூசியும் வேண்டும். ஆனால் அது தானாக மின்னாது. பின்னால் ஒரு விளக்கு இருந்தால்தான், எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்று பார்த்து அளக்கலாம். வானத்தில் சில இடங்களில் அந்த விளக்கு இயற்கையாகவே அமைந்துவிடுகிறது. ஒரு விண்மீன் மண்டலத்துக்கு நேர் பின்னால், வெகு தூரத்தில், இன்னொரு விண்மீன் மண்டலம். முன்னால் இருப்பதன் தூசி, பின்னால் இருப்பதன் வெளிச்சத்தை மறைக்கும்.

மறைக்காமல் இருந்தால் எவ்வளவு வெளிச்சம் வந்திருக்கும் என்று எப்படித் தெரியும்? அங்கேதான் டொரத்தியின் கை. ஆப்பத்தை அரைச்சுற்று திருப்பி வைத்தால் ஏறக்குறைய முன்பிருந்த மாதிரியே இருக்கும் அல்லவா? விண்மீன் மண்டலமும் அப்படித்தான். மறைந்த பக்கத்துக்குப் பதிலாக மறையாத எதிர்ப்பக்கத்தைத் திருப்பி வைத்து, இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை எடுக்க வேண்டும். நடுவே குறுக்கிடும் விண்மீன்களைக் கையால் கோடு போட்டு ஒதுக்க வேண்டும். பிறகு அதையே நீல வெளிச்சத்தில் ஒரு முறை, சிவப்பில் ஒரு முறை. நீலம் அதிகமாக மறைந்தால் தூசி பொடி. ஜெரெபு என்ற புகைமூட்டம் கவிந்த நாளில் சாயங்காலச் சூரியன் தக்காளி மாதிரி சிவந்து கிடப்பது அதனால்தான். நீலமும் சிவப்பும் ஒரே அளவு மறைந்தால் துகள் பெரியது.

இப்படி ஐம்பத்தெட்டு ஜோடிகளை அவள் அளந்திருந்தாள். துறையில் எல்லோரும் அதை 'டொரத்தி டேபிள்' என்றே சொன்னார்கள். பட்டம் இல்லாத ஒருத்தியின் பெயரில் ஓர் அட்டவணை! அதை யாராவது சொல்லிக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு மணி அடித்து ஓயும்.

அந்த அட்டவணையை நம்பித்தான் விஷ்ணுப்ரியா தன் முனைவர் பட்ட ஆய்வையே எழுதியிருந்தாள். டெங்கில் ஊர்ப் பெண். அப்பா செம்பனை ஆலையில் லோரி ஓட்டுகிறார். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை எடுத்துத் தங்கி, மூன்று வருடமாக டொரத்தியின் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். டொரத்திக்கும் ஸ்டானிக்கும் பிள்ளை இல்லை. இரண்டு முறை தங்கி, இரண்டு முறையும் நிலைக்காமல் போனது. அந்தக் காயத்தின் மேல் இந்தப் பெண்ணின் "ஆன்டி" என்ற ஒரு சொல் எத்தனை மருந்து தடவியது என்பதை டொரத்தி யாரிடமும் சொன்னதில்லை.

விஷ்ணுப்ரியா கண்டுபிடித்திருந்தது இது: விண்மீன் மண்டலங்களின் ஓரத்தில், விண்மீன்களே இல்லாத இருட்டான வெளிப்புறத்திலும் தூசி இருக்கிறது. கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது. அதுவும் பெரிய துகள்கள். இதுவரை யாரும் நினைக்காத விஷயம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இன்னும் இருபத்திரண்டு நாள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அந்தப் பெண் சாதாரணமாக ஒரு வேலை சொன்னாள்.

"ஆன்டி, நம்ம படங்கள்ல எது கிளியர், எது மோசம்னு தரம் பிரிச்சு ஒரு லிஸ்ட் குடுங்களேன். பின்னிணைப்புல போடணும்."

"அதுக்கென்ன, நாலு மணிக்குள்ள தரேன்."

தெளிவான படம் மேலே, மங்கலான படம் கீழே என்று அடுக்கினாள். பக்கத்துப் பத்தியில் ஓரத்துத் தூசியின் அளவு. கண் மேலிருந்து கீழே இறங்கியது. இறங்க இறங்க அவள் முகத்தில் இருந்த ரத்தமும் இறங்கியது.

தெளிவான படங்களில் ஓரத்துத் தூசி மிகக் குறைவு. மங்கலான படங்களில் அதிகம். கடைசியில் இருந்த ஆக மோசமான படத்தில்தான் எல்லாவற்றையும்விட அதிகம்.

நம்முடைய படம் மங்கலாக இருப்பது, அத்தனை கோடி ஆண்டுகளுக்கு அப்பால் இருக்கும் அந்தத் தூசிக்கு எப்படித் தெரியும்?

டொரத்தி தன் பழைய கணினியைத் திறந்தாள். விஷ்ணுப்ரியாவிடம் இருந்தது சராசரி எண்கள் மட்டும். புள்ளி புள்ளியாக எடுத்த முதல் அளவுகள் இவளிடம்தான் இருந்தன. ஓரத்துப் புள்ளிகளைப் பார்த்தாள். 0.04. 0. 0. 0.02. 0. 0.05. 0. ஒரு பக்கம் முழுக்க எண்ணினாள். சரிபாதி பூஜ்யம்.

பூஜ்யத்துக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. ஒன்றே ஒன்றுகூட.

காதுக்குள் ஒரு குரல் கேட்டது. சுங்கை வே தொழிற்சாலையில் முதல் வாரம் அவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்த பவுனம்மாள் அக்காவின் குரல். தூசி எண்ணும் கருவிக்கென்று சொந்தமாக ஒரு பிசகு உண்டு, அதைக் கழித்துவிட்டு எழுத வேண்டும். கழிக்கும்போது சில நேரம் விடை மைனஸில் வரும். "மைனஸ் வந்தா ஜீரோ போடுடி. தூசி மைனஸ்ல இருக்குமா? உனக்கு மூளைதான் மைனஸ்ல இருக்கும்." வரிசை முழுக்கச் சிரித்தது. பதினாலு வருடம் ஜீரோ போட்டாள். தொழிற்சாலைக்கு அது போதும். தூசி வரம்பைத் தாண்டியதா இல்லையா என்பதுதான் அங்கே கேள்வி.

கை பழகிவிட்டால் புத்தியைக் கேட்காது. பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் வாரம், முதல் ஜோடியில் முதல் மைனஸ் வந்தபோது, யாரையும் கேட்காமல், யாரும் சொல்லாமல், அவள் விரல் தானாக ஜீரோவை அழுத்தியது.

இதில் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றலாம். ஒன்றுமே வைக்காத தராசை நினைத்துப் பாருங்கள். காற்றில் அதன் தட்டு ஆடும். ஒரு தரம் ஒரு கிராம் கூடக் காட்டும், ஒரு தரம் ஒரு கிராம் குறையக் காட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றுமில்லை என்ற உண்மை வரும். குறைந்ததை எல்லாம் ஜீரோ என்று எழுதிவிட்டுக் கூடியதை மட்டும் அப்படியே வைத்தால், வெறும் தட்டுக்கும் எடை வந்துவிடும். தராசு எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவு எடை. நீலத்திலும் அதே எடை, சிவப்பிலும் அதே எடை. அதனால்தான் 'பெரிய துகள்கள்'.

விஷ்ணுப்ரியா கண்டுபிடித்த தூசி வானத்தில் இல்லை. டொரத்தியின் விரல் நுனியில் இருந்தது.

"ஆன்டி, லிஸ்ட்?" என்று பக்கத்து மேசையிலிருந்து குரல் வந்தது.

"நாளைக்குத் தரேன்மா. தலைவலிக்குது."

பொய் இல்லை. உண்மையிலேயே தலை வெடித்தது.

சாயங்காலம் ஸ்டானிஸ்லாசுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். மீன் குழம்பை விரலால் அளைந்தபடி அவன் கேட்டான்:

"இது வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"அந்தப் பொண்ணுக்கு எப்ப பட்டம்?"

"இருபத்திரண்டு நாள்ல தீசிஸ் குடுக்கணும். அப்புறம் ரெண்டு மாசத்துல வைவா."

"அப்ப பட்டம் கிடைக்கட்டும், அப்புறம் சொல்லு. இல்ல, மனசு உறுத்துதுன்னா ஞாயித்துக்கிழமை பாதர்கிட்ட போயி, தூசியில பாவம் பண்ணிட்டேன்னு பாவசங்கீர்த்தனம் பண்ணு. மூணு அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்வாரு. முடிஞ்சது லா."

டொரத்தி சிரிக்கவில்லை. "பாதர் என்னை மன்னிச்சிடுவாரு ஸ்டானி. பிரியாவுக்கு மூணு வருஷத்தை அவரால திருப்பித் தர முடியுமா?"

அவன் விரல் தட்டில் நின்றது.

"வைவால அஞ்சு பேரு சுத்தி உட்கார்ந்து அவளைக் கேள்வி கேப்பாங்க," என்றாள். "இந்த நம்பர் சரியான்னு கேப்பாங்க. அவ என்ன செய்வா தெரியுமா? எனக்காக வாதாடுவா. டொரத்தி ஆன்டி அளந்தது, தப்பே இருக்காதுன்னு சத்தியம் பண்ணாத குறையா வாதாடுவா. நான் வாசல்ல அவங்க டீக்குக் கரிபாப் தட்டு வெச்சுக்கிட்டு அதைக் கேட்டுக்கிட்டு நிப்பேனா?"

அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் ஆய்வேட்டில் நன்றிப் பக்கத்தை அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள். அப்பா, அம்மா, பேராசிரியர் எல்லோருக்கும் ஆங்கிலத்தில் நன்றி. கடைசியில் ஒரே ஒரு வரி தமிழில்: 'என் கண்களாக இருந்த டொரத்தி ஆன்டிக்கு.'

ஸ்டானிஸ்லாஸ் எழுந்து கை கழுவினான். துண்டில் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான். "சனிக்கிழமை நீ அவளைப் பாக்கணும்னியே," என்றான். "நான் கொண்டு போய் விடறேன்."

சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் விஷ்ணுப்ரியா வைவாவுக்கு ரவிக்கை தைக்கக் கொடுப்பதாக இருந்தது. பூக்கடைகளைத் தாண்டி, மாடியில் இருந்த ஒரு தையல் கடை. நீலப் பட்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள் அந்தப் பெண்.

"ஆன்டி, இது நல்லாருக்கா, இல்ல ரொம்ப மாப்பிள்ளை அழைப்பு மாதிரி இருக்கா?"

"நல்லாருக்கு. வா, முதல்ல ஒரு தே தாரிக் குடிப்போம்."

"அளவு எடுத்துட்டுப் போலாமே?"

"வேண்டாம்மா. வா."

கீழே இருந்த கடையில் சூடான வடை வந்தது. தொடாமலே ஆறியது. டொரத்தி சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. பவுனம்மாள் அக்காவில் தொடங்கி, ஜீரோவில் முடித்தாள். விஷ்ணுப்ரியா முதலில் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. பிறகு தன் பைக்குள்ளிருந்து ஒரு பேனாவை எடுத்து, காகிதக் கைத்துடைப்பில் என்னவோ கணக்குப் போட்டாள். ஒருமுறை. இரண்டுமுறை. பேனாவை மூடினாள்.

"சரிதான்," என்றாள். "அவ்வளவும் போயிடும்."

"பிரியா..."

"மூணு வருஷம் ஆன்டி. அப்பா ஆலையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. என் மவ வானத்துல தூசி கண்டுபிடிச்சிட்டான்னு." குரல் உயரவே இல்லை. அதுதான் டொரத்தியைக் கொன்றது. கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். "நான் கேட்டேன் இல்ல? முதல் வருஷம். மைனஸ் எதுவும் வரலையான்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் வந்தது. வானமே இடிந்து தலையில் விழுந்தாற்போல் இருந்தது, ஏனென்றால் அந்த நிமிடம் வரை அது ஞாபகத்தில் இல்லை. "தூசி மைனஸ்ல இருக்குமாடி?" என்று சிரித்திருக்கிறாள். பவுனம்மாள் அக்கா சிரித்த அதே சிரிப்பு.

விஷ்ணுப்ரியா எழுந்தாள். நீலப் பட்டு இருந்த பையை எடுக்க மறந்து நடந்தாள். மஞ்சள் ஓடு பதித்த நடைபாதையில் கூட்டத்துக்குள் மறைந்துபோனாள். டொரத்தி அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஸ்டானியின் கார் வரும்வரை.

திங்கட்கிழமை பேராசிரியர் சிவநேசன் முன்னால் போய் நின்றாள். வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதிய கடிதம் கையில். அவர் கடிதத்தைப் படிக்கவில்லை. அட்டவணையைக் கேட்டார். பூஜ்யங்களைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பதிமூணு வருஷமா இதை என் பேர்ல வெளியிட்டிருக்கேன் டொரத்தி. ஒரு தரம்கூட இந்தக் கோப்பைத் திறந்து பாக்கல. உங்க விரல் பண்ணினது பழக்கம். நான் பண்ணினது சோம்பல். எது பெரிசு?"

"சார், பிரியா..."

"இன்னும் பதினேழு நாள் இருக்கு. ஐம்பத்தெட்டு ஜோடி. அந்தப் பழைய புரோகிராம் மைனஸை வெச்சிருக்கா?"

"இல்ல சார். அதுக்கு மேலயே ஜீரோ எழுதிட்டேன். மறுபடி முதல்லேருந்துதான் அளக்கணும்."

"அப்ப ஏன் நிக்கிறீங்க?" கடிதத்தை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "இதைக் கிழிச்சுப் போடற நேரத்துல ஒரு ஜோடிக்குக் கோடு போட்டிருக்கலாம்."

டொரத்தி உட்கார்ந்தாள். முதல் ஜோடியைத் திறந்தாள். அரைச்சுற்று திருப்பினாள். விண்மீன்களைச் சுற்றிக் கோடு போட்டாள். பக்கத்து மேசை காலியாக இருந்தது. செவ்வாயும் காலி. புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கதவு திறந்தது. விஷ்ணுப்ரியா வந்தாள். பையை வைத்தாள். இவள் பக்கம் திரும்பவில்லை. கணினியைத் திறந்து, புதிதாக ஓர் அட்டவணை செய்து, வெறுமையான பத்திகளைத் தயார் செய்துவிட்டு, திரையைப் பார்த்தபடியே கேட்டாள்:

"எத்தனை முடிச்சிருக்கீங்க?"

"ஏழு. கோடு மட்டும். நம்பர் இன்னும் எடுக்கல."

"படிங்க. நான் டைப் பண்றேன்."

டொரத்தி படிக்கத் தொடங்கினாள். ஓரத்துப் புள்ளிகள். "ஜீரோ பாயிண்ட் ஜீரோ நாலு." விசை தட்டும் சத்தம். "ஜீரோ பாயிண்ட் ஜீரோ ஒண்ணு." சத்தம். அடுத்த எண்ணுக்கு வந்தாள். வாய் திறந்தது. சொல் வரவில்லை. பதினாலும் பதிமூன்றுமாக இருபத்தேழு வருடம் அவள் அழித்துவந்த அந்தச் சின்னக் கோடு, ஓர் எறும்பு அளவுகூட இல்லாத கோடு, திரையில் கிடந்தது.  கண் நிறைந்து திரை கலங்கியது.

"ம்?" என்றாள் விஷ்ணுப்ரியா.

"மைனஸ்..."

"மைனஸ் எவ்வளவு?"

"மைனஸ் ஜீரோ பாயிண்ட் ஜீரோ மூணு."

விசை தட்டும் சத்தம் கேட்டது. சற்றுத் தயங்கி, மறுபடி ஒருமுறை. பிறகு அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "அடுத்தது படிங்க ஆன்டி."

ஆன்டி! அந்த ஒரு சொல்லுக்காக டொரத்தி இன்னும் ஐந்நூறு ஜோடிகளை அளக்கத் தயாராக இருந்தாள்.

பதினான்கு நாளில் முடித்தார்கள். இரண்டாவது வாரம் ஸ்டானிஸ்லாஸ் துறைமுகத்தில் வேலை முடிந்ததும் நாசி லெமாக் சோறு கட்டிக்கொண்டு நேராகப் பல்கலைக்கழகத்துக்கே வந்துவிடுவான். திரையை எட்டிப் பார்த்து, "இது என்னா, கெட்டுப்போன முட்டை மாதிரி இருக்கு?" என்பான். "அங்கிள், அது பத்தாயிரம் கோடி நட்சத்திரம்," என்பாள் விஷ்ணுப்ரியா. "அத்தனை நட்சத்திரம் இருந்தும் ஒரு விளக்குமாறு இல்லையே லா," என்பான். மூன்றாம் நாள் அந்தப் பெண் சிரித்தேவிட்டாள்.

விடை வந்தது. சுருள் கரங்களில் இருந்த தூசி அப்படியே இருந்தது, பொடித் தூசி. ஓரத்தில் இருந்த தூசி போய்விட்டது. பிளஸ்ஸும் மைனஸும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, ஒன்றுமில்லை என்ற இடத்தில் வந்து நின்றன. தூசி அங்கே இருந்தாலும் இந்த அளவுக்கு மேல் இருக்க முடியாது என்ற ஒரு வரம்பு மட்டும் மிஞ்சியது. விஷ்ணுப்ரியா ஓரத்துத் தூசியைச் சொன்ன நாலாவது அத்தியாயத்தின் தலைப்பை அழித்துவிட்டு, அதில் பாதி நீளத்துக்குப் புதிய தலைப்பு எழுதினாள். பழைய அட்டவணையை வாங்கிப் பயன்படுத்திய நான்கு குழுக்களுக்கும் கடிதம் போனது. பேராசிரியர் எழுத முன்வந்தார். டொரத்தி விடவில்லை. ஆங்கிலத்தில் ஆறு வரி, நடந்தது இன்னது என்று, தன் பெயரைக் கீழே போட்டு அவளே அனுப்பினாள். கடைசி நாளுக்கு முந்தின நாள் ஆய்வேடு சமர்ப்பிக்கப்பட்டது. நன்றிப் பக்கத்தை அவள் திறந்து பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

இரண்டு மாதம் கழித்து, ஜனவரியில், வைவா. நீலப் பட்டில் வந்தாள் விஷ்ணுப்ரியா. ரவிக்கைக்கு டொரத்தியே தையல்கடைக்குப் போய் அளவு ரவிக்கை கொடுத்து, தைத்து வாங்கி வைத்திருந்தாள். அறைக் கதவு மூடியது. வெளியே நடைக்கூடத்தில் ஒரு மேசை போட்டு, தேர்வாளர்களின் தேநீருக்காகக் கோப்பைகளையும் கரிபாப் தட்டையும் அடுக்கினாள் டொரத்தி. எதை நினைத்து அன்று மீன் குழம்பின் முன்னால் அழுதாளோ, அதே இடத்தில், அதே தட்டோடு நின்றாள்.

கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே ஆங்கிலத்தில் பேச்சு. பினாங்கிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்: உங்கள் அட்டவணையில் இத்தனை எண்கள் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கின்றனவே, தூசி எப்படி எதிர்மறையாக இருக்க முடியும்? அர்த்தமில்லாத அந்த எண்களை நீக்கிவிட்டால் என்ன?

டொரத்தியின் கை தேநீர்க் கோப்பையோடு நின்றது. 

விஷ்ணுப்ரியாவின் குரல் எழுந்தது. தையல்கடைக்குக் கீழே உயராத குரல், இப்போது உயர்ந்தது. முடியாது டாக்டர், என்றாள். தூசி எதிர்மறையாக இருக்காது, ஆனால் அதை அளந்த எண் இருக்கலாம். அளக்கிற கை நடுங்கும், அந்த நடுக்கம் இரண்டு பக்கமும் போகும். ஒரு பக்கத்தை மட்டும் வெட்டினால் இல்லாத தூசியை நாமே கொட்டுகிறோம். நாங்கள் கொட்டியிருக்கிறோம், எனக்குத் தெரியும். இதில் இருக்கும் ஒவ்வொரு மைனஸும் எங்கள் ஆய்வு உதவியாளர் மறுபடி உட்கார்ந்து தன் கண்ணால் பார்த்து எடுத்தது. ஒன்றைக்கூட நான் நீக்கமாட்டேன்.

வாதாடினாள். டொரத்தி பயந்த மாதிரியேதான், அவளுக்காகத்தான் வாதாடினாள். கரிபாப் தட்டின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. டொரத்தி அவசரமாக அந்தக் கரிபாப்பை மட்டும் எடுத்துத் தனியே வைத்தாள்.

 உள்ளே பினாங்குக்காரர் சிரிப்பது கேட்டது. அந்தப் பதிலுக்காகத்தான் கேட்டேன், என்றார்.

பதினொன்றரைக்குக் கதவு திறந்தது. தேர்வாளர்கள் வந்தார்கள், தின்றார்கள், குடித்தார்கள், கை குலுக்கினார்கள், போனார்கள். கடைசியாக விஷ்ணுப்ரியா வெளியே வந்தாள். நெற்றியில் வியர்வை, பட்டுச் சேலையின் முந்தானை கசங்கியிருந்தது.  அந்தப் பெண் தட்டைப் பார்த்தாள். காலி.

"எனக்கு இல்லையா ஆன்டி? பசி உயிர் போகுது."

"பத்து பேருக்கு எட்டுதான் வாங்கினேன்மா," என்றாள் டொரத்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. தனியே வைத்திருந்த ஒன்றை முந்தானைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள். "கணக்குப்படி மைனஸ் ரெண்டு."

விஷ்ணுப்ரியா அதை வாங்கி, வாய் நிறையக் கடித்தாள்.

"அப்படியே எழுதிக்கங்க," என்றாள். "மறுபடி ஜீரோ போட்டுடாதீங்க."